ஐந்து நாள் ட்ராமா தெரபி: நமக்குச் சரிப்படுமா? மதுரைப் பக்கம் யாராவது போயிருக்கிறீர்களா?

நாலுவழிச்சாலை எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் மேலூர் பக்கம், வேலை கப்பலூரில் ஒரு கம்பெனியில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொட்டாம்பட்டி தாண்டி நாங்கள் வந்த வேன் கவிழ்ந்தது. கூட வந்த சித்தப்பா மகன் போய்விட்டான். எனக்குக் கை எலும்பு முறிந்ததோடு சரி. கை கூடிவிட்டது, மற்றது கூடவில்லை. லாரி ஹார்ன் கேட்டால் உடம்பு உதறுகிறது. டீசல் வாடை வந்தால் திரும்ப அந்த இடத்திலேயே கிடக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

மனநல மருத்துவர் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சி, அதாவது ட்ராமா, விட்டுச்செல்லும் மனப் பாதிப்பு) என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், ஓரளவு பரவாயில்லை. வாரம் ஒருமுறை கவுன்சிலிங் வரச் சொன்னார்கள். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு வாரம் போனால் அடுத்த இரண்டு வாரம் போக முடியாது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பெங்களூரில் ஒரு சென்டர், தொடர்ந்து ஐந்து நாள், காலையும் மாலையும் தெரபி, 'இன்டென்சிவ்' என்கிறார்கள். கட்டணம் கிட்டத்தட்ட என் மூன்று மாதச் சம்பளம். மொத்தமும் முன்பணம். மனைவி "போயிட்டு வந்துருங்க" என்கிறாள். அம்மா பாண்டி கோயிலில் கிடா வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. போனவர்கள் சொல்லுங்கள்.


திருமங்கலத்தான் எழுதியது:

தம்பி, மூன்று மாதச் சம்பளத்தை முன்னாடியே வாங்கிக்கொண்டு ஐந்து நாளில் ஆளை மாற்றிவிடுவேன் என்று எவன் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான். என் மச்சானை இப்படித்தான் ஒரு இடத்தில் 'நூறு சதவீதம் குணம்' என்று வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனான். கண்ணை மூடச் சொல்லி, அழச் சொல்லி, கடைசி நாள் சர்டிபிகேட் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதமே மேல்நிலை கோர்ஸ் என்று இன்னொரு பில். அவனுக்கு என்ன பிரச்சினை என்று ஒருத்தர்கூட உட்கார்ந்து கேட்கவில்லை. ஊருக்குள்ளேயே நல்ல டாக்டர் இருக்கும்போது பெங்களூர் எதற்கு?


புதூர்அக்கா எழுதியது:

திருமங்கலத்தார் சொல்கிற மாதிரி இடங்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் அது இல்லை. நான் போயிருக்கிறேன் தம்பி. என் விஷயம் வேறு, சின்ன வயதில் நடந்தது, விவரம் வேண்டாம். சென்னையில் போனேன்.

போகிறவர்களுக்கு யாரும் சொல்லாத சிலது சொல்கிறேன். முதல் நாள், எனக்கு நடந்த விஷயத்தை அவர்கள் தொடவே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூச்சு, உடம்பைத் தரையோடு நிலைநிறுத்துவது, ரொம்பப் பொங்கி வந்தால் எப்படிக் கீழே இறங்குவது, இதிலேயே அன்றைய பொழுது போய்விட்டது. மறுநாள்தான் அது எதற்கு என்று தெரிந்தது. நினைவை எடுத்து வைத்து, இப்போது கலக்கம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பத்தில் ஆரம்பிக்கும். சில நினைவுகள் மத்தியானத்துக்குள் இரண்டுக்கு இறங்கிவிடும். ஒன்று மட்டும் கடைசிவரை இறங்கவே இல்லை, அது பிறகு மாதக்கணக்கில் தனியாகப் பார்த்துத்தான் அடங்கியது.

சாயங்காலம் ஆனால் நெல் அறுத்த மாதிரி அலுப்பு. என்னால் ஸ்கூட்டியை எடுக்க முடியாது, போனை எடுத்துப் பேச முடியாது. ராத்திரி கனவு கூடும், குறையாது. சீழ் எடுத்த அன்று புண் கூடுதலாக வலிக்கும் இல்லையா, அப்படித்தான். அந்தச் சாயங்காலங்களில் என் தங்கச்சி கூடவே இருந்தாள். பிள்ளைகளை உசிலம்பட்டியில் மாமியார் வீட்டில் விட்டிருந்தேன். லாட்ஜில் தனியாக ரூம் போட்டு இதைச் செய்திருந்தால் இரண்டாவது நாளே பஸ் ஏறியிருப்பேன். தெரபி யார் தருகிறார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், ராத்திரி யார் கூட இருப்பது என்று யாரும் கேட்பதில்லை.

பலன்? தூக்கத்தில் அலறுவது நின்றது. தீபாவளி வெடிச் சத்தத்துக்கு இன்னும் தூக்கிவாரிப் போடும். ஆனால் அதோடு சமைத்துக்கொண்டிருக்க முடிகிறது.


நாகமலை எழுதியது:

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்தப் பக்கம்தான் வேலை. நேரில் பார்க்காமல் ஒருவருக்கு இது சரி, இது தப்பு என்று சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்டென்சிவ் என்பது தனியாக ஒரு வைத்திய முறை இல்லை. ட்ராமாவுக்கு நிரூபணமான முறைகள் சில இருக்கின்றன. தவிர்த்து வந்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் எக்ஸ்போஷர், 'என்னால்தான் ஆச்சு' மாதிரியான எண்ணங்களை எடுத்து ஆராயும் சிபிடி (CPT), நினைவை மனதில் வைத்துக்கொண்டு கண்ணை இருபுறமும் அசைக்கிற இஎம்டிஆர். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ட்ராமாவை மையமாக வைத்த, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றுகிற வகைத் தெரபிகளும் (CBT) இஎம்டிஆரும் இருக்கின்றன. சாதாரணமாக எக்ஸ்போஷர் தெரபி ஒன்றரை மணி நேர அமர்வுகளாக எட்டு முதல் பதினைந்து வாரம் போகும். சிபிடி (CPT) பன்னிரண்டு அமர்வு. இன்டென்சிவில் அதே வேலையை ஒன்றிரண்டு வாரத்துக்குள் அடுக்குகிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இங்கிலாந்தில் ஏலர்ஸ் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரத்துக்குள் முடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும், மூன்று மாதம் வாராவாரம் வந்தவர்களில் 77 சதவீதம் பேருக்கும் பிடிஎஸ்டி நீங்கியது. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. 2018-இல் அமெரிக்க ராணுவத்தினரிடம் எட்னா ஃபோவா குழு செய்ததில், பத்து அமர்வை இரண்டு வாரத்தில் முடித்தாலும் எட்டு வாரத்தில் முடித்தாலும் பலன் சமம். பாதியில் நின்றவர்கள் குறுகிய காலப் பிரிவில் குறைவு. ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் நடுத்தரம்தான், எல்லாரும் குணமாகிவிடவில்லை. ஆக விளம்பரத்தில் 'பல மடங்கு பலன்' என்று போட்டால் நம்பாதீர்கள். வேகம் கூடுகிறது, பலம் கூடுவதில்லை. நாலுவழிச்சாலை சொல்கிற மாதிரி ஷிப்டால் இடைவெளி விழுந்து விழுந்து நிற்கிறவர்களுக்கு அந்த வேகம் பெரிய விஷயம். வாரம் ஒருநாள் வருபவருக்கு மனது மறுபடி அந்த நினைவைப் பூட்டிவைக்க ஏழு நாள் கிடைக்கிறது. அடுத்தடுத்த நாள் வந்தால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

யாருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்வேன்? தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், மனச்சிதைவு அல்லது மேனியா (அளவுமீறிய மனக்கிளர்ச்சி) கட்டுக்குள் இல்லாதவர்கள், தினமும் குடிப்பவர்கள், இன்னும் ஆபத்துக்குள்ளேயே வாழ்கிறவர்கள். வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் அந்த மருத்துவரிடம் பேசாமல் வேண்டாம். அடிக்கடி தன்னை மறந்து எங்கேயோ போய்விடுகிறவர்களுக்குத் தடை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் பழகிய தெரபிஸ்ட் வேண்டும். சிறு வயதிலிருந்து நீண்ட காலம் நடந்த கொடுமைக்கு இது ஆகவே ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. நெதர்லாந்தில் எட்டு நாள் திட்டம் ஒன்று காலையில் எக்ஸ்போஷர், மதியம் இஎம்டிஆர், நடுவில் உடற்பயிற்சி என்று நடக்கிறது. அங்கே அப்படிப்பட்டவர்களும் முன்னேறியிருக்கிறார்கள். ஆகவே விஷயத்தின் பெரிசு சிறிசை வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்போதைய வாழ்க்கையை வைத்து முடிவு செய்யுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை எது போட்டாலும் தெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள்.


நாலுவழிச்சாலை எழுதியது:

சார், ரொம்ப நன்றி. 'தினமும் குடிப்பவர்கள்' என்று எழுதியிருப்பதைப் படித்தேன். விபத்துக்கு அப்புறம் ராத்திரி குவார்ட்டர் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. சென்டரில் போனில் பேசியபோது இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது அவ்வளவு முக்கியமா?


நாகமலை எழுதியது:

முக்கியம் தம்பி. அந்த நினைவு மேலே வந்தவுடனே கை பாட்டிலுக்குப் போகும். அன்றைக்குச் செய்த வேலை அன்றைக்கே கரைந்துவிடும். அதற்காக நாளைக்கே டக்கென்று நிறுத்தாதீர்கள். தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். உங்கள் மனநல மருத்துவரிடம் அளவைச் சொல்லி, மருந்தோடு குறையுங்கள். அதற்கு அப்புறம் இன்டென்சிவ் பேசலாம்.

இன்னொன்று. உங்களிடம் குடியைக் கேட்காமல், மாத்திரைப் பெயரைக் கேட்காமல், பணத்தை மட்டும் கேட்ட இடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல இடம் முதலில் ஒரு தனி மதிப்பீடு வைக்கும். ஒன்றரை மணி நேரமாவது உட்கார்ந்து கேட்பார்கள். 'உங்களுக்கு இப்போது வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும்.


கூடல்நகர் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பெண், கல்யாணமாகி வெகுநாள். அடி இன்னும் நிற்கவில்லை. ஆன்லைனில் மூன்று நாள் இன்டென்சிவ் பார்த்தேன். வீட்டில் தெரியாமல் செய்யலாமா?


புதூர்அக்கா எழுதியது:

கூடல்நகர், முதலில் ஒன்று. தெரியாமல் செய்கிற இடமா உங்கள் வீடு? லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால்கூட இந்தப் பக்கம் கேட்கும். அழுதுகொண்டிருக்கும்போது கதவைத் திறந்து வந்தால் என்ன செய்வீர்கள்? ஆன்லைனில் செய்கிறவர்களுக்குப் பூட்டிய அறை வேண்டும், கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வருகிற ஆள் வேண்டும். அந்த ஆளின் நம்பரைத் தெரபிஸ்ட் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறதும்மா.


நாகமலை எழுதியது:

அக்கா சொல்வதுதான். முடிந்துபோனதைத்தான் முடிந்தது என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்க முடியும். உங்களுக்கு அது இன்னும் முடியவில்லை. தெரபியே கூடாது என்று சொல்லவில்லை. பேசிப் பகிர்வதும் பாதுகாப்புத் திட்டம் போடுவதும் இப்போதே ஆரம்பிக்கலாம். ஆனால் மூன்று நாள் பழையதைக் கிளறிவிட்டு அதே வீட்டில் அதே ஆளோடு ராத்திரி இருப்பது சரியல்ல. 181-க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகத் தங்கல், கவுன்சிலிங் எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. அடி விழுகிற நேரம் என்றால் 112. போனில் கூப்பிட்ட பட்டியலை அழித்துவிடுங்கள். பத்திரமான வேறு போன் இருந்தால் தனிமடலில் எழுதுங்கள்.


கூடல்நகர் எழுதியது:

சரிங்க. 181 எழுதி வைத்துக்கொண்டேன்.


பட்டாசூர்ப்பையன் எழுதியது:

பெங்களூர், சென்னை என்றே பேசுகிறீர்கள். எங்கள் அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். வெடி விபத்தில் பிழைத்து வந்தார். இப்போது அடுப்பில் கடுகு வெடித்தால் வாசலுக்கு ஓடுகிறார். எங்களிடம் மூன்று மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, வாரக்கூலி. எங்களுக்கு என்ன வழி?


நாகமலை எழுதியது:

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓபி சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் உண்டு. கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இடம் கிடைப்பது கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நோய் என்ன என்று தெரிந்துகொள்ளவும் மருந்து ஆரம்பிக்கவும் அதுதான் நேர்வழி. சைக்காலஜிஸ்ட் யார், எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு அந்தக் கிழமையில் போங்கள். மதுரையில் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநல வேலை செய்கிறது, அங்கேயும் விசாரித்துப் பாருங்கள். போக முடியாத நாளில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலவசம்.

அப்பாவுக்கு இன்டென்சிவ் தேவையா என்பது இப்போது கேள்வியே இல்லை. இதுவரை எந்த வைத்தியமும் பார்க்காத ஒருவருக்குச் சாதாரண வைத்தியமே நல்ல பலன் தரலாம்.


அழகர்மலை எழுதியது:

நாலுவழிச்சாலைத் தம்பி, அம்மா கிடா வெட்டச் சொன்னதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். என் அனுபவத்தில் அதை எதிர்த்துச் சண்டை போடுவது வீண். பாண்டி கோயிலுக்குப் போய் அம்மா மனது ஆறினால் ஆறட்டும். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒரு மருந்துதான். கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்துக்கொண்டு மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர். சாமியாடியோ மந்திரிக்கிறவரோ மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.


திருமங்கலத்தான் எழுதியது:

சரி, நாகமலை சார் எழுதியதைப் படித்த பிறகு ஆதாரம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சாமானியன் நல்ல இடம் எது, கடை எது என்று எப்படிப் பிரிப்பது? போர்டில் எல்லாரும் 'சைக்காலஜிஸ்ட்' என்றுதான் போடுகிறார்கள்.


நாகமலை எழுதியது:

நியாயமான கேள்வி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில், பதிவு எண் இருக்கும். கேளுங்கள், அவர்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவே பதில். எந்த முறையில் தெரபி தருகிறீர்கள், அதற்கு எங்கே பயிற்சி எடுத்தீர்கள், ஐந்து நாளும் அதே ஆள்தானா, ராத்திரி பதற்றம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, நடுவில் என்னால் முடியவில்லை என்றால் மீதிப் பணம் என்ன ஆகும் என்று கேளுங்கள். எனக்கு முக்கியமானது கடைசியில் வருவது: ஆறாவது நாளிலிருந்து என்ன? ஊருக்குத் திரும்பிய பின் வாரம் ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும். பெங்களூர்க்காரர் மதுரையில் இருக்கும் உங்கள் மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பத் தயாரா என்று கேளுங்கள்.

'நூறு சதவீதம்' என்று யார் சொன்னாலும் போனை வையுங்கள். இந்தத் தொழிலில் அப்படிச் சொல்ல முடியாது.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் தரும், இப்படிப் பகலில் வந்து போகிற தெரபிக்குத் தராது. பணம் கட்டும் முன்பு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.


புதூர்அக்கா எழுதியது:

லீவு பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஐந்து நாள் தெரபி என்றால் ஐந்து நாள் லீவு என்று கணக்குப் போடாதீர்கள். முடிந்த மறுநாளே மெஷின் முன்னால் நிற்காதீர்கள் தம்பி, கை போய்விடும். பின்னால் ஒரு வாரமாவது வெறுமனே இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, துஷ்டி எதுவும் வைத்துக்கொள்ளாத வாரமாகப் பாருங்கள். உங்கள் சித்தப்பா மகன் திதி வருகிற மாதம் வேண்டவே வேண்டாம். விஷயத்தை யாரிடம் சொல்வது என்பதையும் இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். என் வீட்டில் 'சென்னையில் டிரெய்னிங்' என்று சொல்லிவிட்டோம், நாத்தனார் இன்றுவரை என்ன டிரெய்னிங் என்று கேட்கிறார்.


நாலுவழிச்சாலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளோடு போன் செய்தேன். பெங்களூர் சென்டரில் யார் தெரபி தருவார்கள் என்று கேட்டதற்கு 'எங்கள் டீம்' என்றார்கள். பதிவு எண் கேட்டதற்கு மெயில் அனுப்புகிறோம் என்றார்கள், வரவில்லை. மீதிப் பணம் பற்றிக் கேட்டவுடன் வேறு ஆளிடம் போனைக் கொடுத்தார்கள்.

என் டாக்டர் இன்னொரு இடம் சொன்னார். அங்கே பேசிய அம்மா முதலிலேயே தூக்கம், மாத்திரை, குடி, சாகிற எண்ணம் வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். குவார்ட்டர் கதையைச் சொன்னேன். 'முதலில் அதைக் குறைங்க, இரண்டு மாதம் கழித்து மறுபடி பேசுவோம், இப்போது உங்களிடம் பணம் வாங்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு ஏமாற்றம். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

டாக்டரிடம் அளவைச் சொல்லிவிட்டேன், மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் பேசி அடுத்த மாதம் முழுக்கப் பகல் ஷிப்ட் வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் மறுபடி பேசும் வரை மதுரையிலேயே வாரம் இரண்டு தடவை ஒரு சைக்காலஜிஸ்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே சரியாகிவிட்டால் பெங்களூர்ப் பணம் மிச்சம்.


நாகமலை எழுதியது:

வாரம் இரண்டு என்பதே நல்ல அடர்த்தி. முதல் அமர்விலேயே குறிக்கோள் எழுதச் சொல்லுங்கள். 'நல்லா ஆகணும்' என்று எழுத வேண்டாம். ஜன்னலோரம் உட்கார்ந்து கப்பலூர் டோல்கேட் தாண்டுவது என்று எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து அதில் எவ்வளவு ஆயிற்று என்று பார்த்தால் இன்டென்சிவ் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.


பட்டாசூர்ப்பையன் எழுதியது:

சார், 14416-இல் இங்கிலீஷில் பேச வேண்டுமா? அப்பாவையே பேச வைக்கலாம் என்று பார்க்கிறேன்.


நாகமலை எழுதியது:

வேண்டாம் தம்பி, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழை அழுத்துங்கள். முதலில் நீங்கள் பேசி விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுங்கள்.